பனியும் மீட்பும்: மலைமீட்புக் காதல் தொடர்களின் தமிழாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஐதராபாத் நகரைச் சார்ந்த பாலாநகர் பனிப்பொழிவை அறியாத ஊர். தொழிற்கூடங்களும் பட்டறைகளும் நிறைந்த அப்பகுதியில் மார்கழி விடியலில் படியும் மெல்லிய மூடுபனியே மக்கள் கண்ட பனியாகும். எனினும், இமயத்தின் பனிப்பரப்பையும் பனியாறுகளையும் செயற்கைக்கோள் வழியே நோக்கிவரும் தேசியத் தொலையுணர்வு மையம் அவ்வூரில்தான் அமைந்துள்ளது. 1974இல் முகமையாகத் தோன்றி, 2008இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் மையமாக மாறிய அந்நிறுவனத்தின் படங்கள் 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலி மாவட்டத்திலும், 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியிலும் நிகழ்ந்த பேரழிவுகளை அறிந்துகொள்ளத் துணைநின்றன.

அதே பாலாநகரில் பணியின் பொருட்டுக் குடியேறிய பன்மொழிக் குடும்பங்களின் வீடுகளில் மாலைவேளைகளில் வேறொரு பனிமலை காட்சியளிக்கிறது. அது தொலைக்காட்சியின் பனிமலை. அங்கே பனி, காதலர் சந்திக்கும் இடமாகவும், சிரித்து விளையாடும் களமாகவும், இடையே ஒரு முறை உயிருக்கு ஊறு விளைத்து இருவரையும் ஒன்றுசேர்க்கும் கருவியாகவும் அமைகிறது. அறிவியலார் நோக்கும் பனியும் காதலர் ஆடும் பனியும் தமிழுக்கு வரும்போது ஒரே சொல்லின் வாயிலாகவே நுழைகின்றன. அச்சொல் ‘பனி’ என்பதாம்.

மலைமீட்புப் பணியாளரை மாந்தராகக் கொண்ட எளிய நகைச்சுவைக் காதல் தொடர்களையும், அவற்றோடு உறவுடைய திரைப்படைப்புகளையும் இக்கட்டுரை மொழிபெயர்ப்பு நோக்கில் மதிப்பிடுகிறது. இவ்வகைத் தொடர்களில் நகையும் அச்சமும் ஒன்றையொன்று சார்ந்தவை. அச்சத்திற்குரிய சொற்கள் தெளிவாக அமைந்தால்தான் நகை நகையாக நிற்கும். அவை மங்கினால் நகை பொறுப்பின்மையாகத் தோன்றும். ஆகவே கலைச்சொல் தெளிவு இவ்வகைத் தொடர்களின் சுவையோடு தொடர்புடைய சிக்கல் என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

1. வகைமையின் இயல்பு

மலைமீட்பைக் களமாகக் கொண்ட தொடர்கள் ஆல்ப்சு மலைசார்ந்த நாடுகளில் வேரூன்றியவை. ஆஸ்திரியாவின் டாக்சுடைன் மலையடியிலுள்ள ராம்சாவ் என்னும் ஊரைக் களமாகக் கொண்டு, 2009 முதல் செருமானியத் தொலைக்காட்சியில் வெளிவரும் ஒரு நெடுந்தொடர் இதற்குத் தக்க சான்று. தொடக்கத்தில் ‘மலைக்காவல்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த அத்தொடர் பின்னர் ‘மலைமீட்பர்’ எனப் பொருள்படும் ‘பெர்க்ரெட்டர்’ என்னும் தலைப்பைப் பெற்றது. முதற்பெயர் அமைப்பைச் சுட்டுகிறது. இரண்டாவது மாந்தரைச் சுட்டுகிறது. மாந்தரைச் சுட்டும் தலைப்பு காதலுக்கும் நட்புக்கும் கூடுதலான இடமளிக்கிறது என்பது கருதத்தக்கது.

கிழக்காசியாவில் இவ்வகைமை வேறு வடிவம் கொண்டது. 2016இல் கொரியாவின் கே.பி.எஸ். நிறுவனம் 16 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘சூரியனின் வழித்தோன்றல்கள்’ படைத்தலைவன் ஒருவனுக்கும் அறுவை மருத்துவர் ஒருத்திக்கும் இடையிலான காதலைப் பேசுகிறது. நிலநடுக்கத்தால் இடிந்த கட்டடங்களிலிருந்து மக்களை மீட்கும் பணி அதன் நடுப்பகுதியாகும். அது பனிமலைத் தொடரன்று. எனினும் மீட்புப்பணியையும் குறும்புப் பேச்சையும் ஒருங்கிணைத்த முறையால் இவ்வகைமைக்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்கது. 2021இல் டி.வி.என். அலைவரிசையில் வெளிவந்த ‘ஜிரிசான்’ நேரடியாக மலைமீட்புப் பணியாளரின் கதையாகும். தென்கொரியாவின் முதல் தேசியப் பூங்காவாக 1967இல் அறிவிக்கப்பெற்ற ஜிரி மலையின் காவலர்களே அதன் மாந்தர். கிம் அன்-ஹீ எழுதிய அத்தொடரில் ஜுன் ஜி-ஹியூன், ஜூ ஜி-ஹூன் ஆகியோர் நடித்தனர். மர்மமே அதன் முதன்மைச் சுவை. ஆயினும் துணை மாந்தரின் காதலும் பணியிட நகையும் அதன் முற்பகுதிக்கு இலகுவான தன்மையைத் தருகின்றன.

இத்தொடர்களை ஒப்புநோக்கும்போது ஓர் அமைப்பொற்றுமை புலனாகிறது. மீட்புப் பணியாளன் யாவரையும் மீட்கக் கடமைப்பட்டவன். அறியாதவனையும், விதியை மீறி மலையேறியவனையும், தன்னை இகழ்ந்தவனையும் அவன் காத்தாக வேண்டும். ஆகவே தலைவியைக் காத்தான் என்பது மட்டுமே அவனது தனிக்காதலுக்குச் சான்றாகாது. பணி வேறுபாடு பாராதது. காதலோ வேறுபாட்டையே உயிராகக் கொண்டது. இம்முரணைத் தீர்க்கவே கதையாசிரியர்கள் காதலைப் பணிக்கு வெளியே, தேநீர் அருந்தும் இடைவேளையிலும், உடை உலர்த்தும் அறையிலும், சிறு சண்டைகளிலும் வளர்க்கின்றனர். ‘சூரியனின் வழித்தோன்றல்கள்’ தொடரில் தொடக்கச் சந்திப்புகள் பணியழைப்பால் இடையிற் குலைகின்றன. தலைவி பிரிய முடிவெடுப்பதற்கு அவனது பணியே காரணமாகிறது. நகை இங்கே அலங்காரமாக ஒட்டப்பட்டதன்று. கதையமைப்பின் தேவையால் எழுந்தது.

2. மீட்பும் அகமரபும்

காத்தலால் தோன்றும் காதல் தமிழுக்குப் புதிதன்று. களிறுதரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி, பூத்தரு புணர்ச்சி என அகமரபு வகுத்துக் கூறும். மதம் கொண்ட யானையிடமிருந்தோ ஆற்றுவெள்ளத்திலிருந்தோ தலைவியைத் தலைவன் காத்தான் எனத் தோழி செவிலிக்கு உரைப்பது அறத்தொடு நிற்றலின் ஒரு கூறு. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு இதற்குத் தலையாய இலக்கியம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவுறுத்தப் பாடப்பெற்றது எனப் பழங்குறிப்பு கூறும் அப்பாடல், மலைநிலத்துக் காத்தலையும் காதலையும் வேற்றுமொழியாளன் ஒருவனுக்கு உணர்த்த முற்பட்டது என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவில் கொள்ளத்தக்கது.

எனினும் இரு மரபுகளுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. அகப்பாடலில் காத்தல் ஒருமுறை நிகழ்வது, எதிர்பாராதது. அது நிகழ்ந்தபோது காதலுக்குக் காரணமாவதைக் காட்டிலும், பின்னர் எடுத்துரைக்கப்படும்போது காதலுக்கு நியாயமாவதே முதன்மை. தோழியின் கூற்றில்தான் அது பயன்கொள்கிறது. தொலைக்காட்சித் தொடரிலோ காத்தல் நாள்தோறும் நிகழும் தொழில், எடுத்துரைப்போர் இலர், யாவும் கண்முன் காட்டப்படுகின்றன. எனவே ‘காத்தான், ஆதலின் காதலித்தாள்’ என்னும் எளிய முடிவுக்கு மொழிபெயர்ப்பாளர் உரையாடலை இழுத்துச் செல்வது பிழையாகும். மூலத்தில் தலைவி நன்றி மட்டும் கூறும் இடத்தில் தமிழ்க்குரல் உருகிப் பேசுமாயின், பணியின் பொதுமை சிதைந்து கதையின் முரண் அழிந்துவிடும்.

மற்றோர் இயைபு ஆழமானது. ‘ஜிரிசான்’ தொடரில் தலைவனுக்கு மலையில் இடருற்றோர் பற்றிய காட்சிகள் மனத்தில் தோன்றுகின்றன. ஆனால் இடம் எதுவெனத் தெரிவதில்லை. அவன் கூறும் அடையாளங்களைக் கொண்டு மலையை நன்கறிந்த தலைவி இடத்தை உய்த்துணர்கிறாள். நிலத்தின் கருப்பொருள்களைப் படித்தறிதலே இங்கு இருவரையும் இணைக்கிறது. உள்ளுறையால் நிலத்தையும் மனத்தையும் ஒருசேரக் கற்ற தமிழ் வாசகர்க்கு இது நெருக்கமான உத்தி. ஆகவே மரம், பாறை, ஓடை ஆகியவற்றின் பெயர்களைப் பொதுப்பெயரால் மூடிவிடும் மொழிபெயர்ப்பு வெறும் சூழல் வருணனையை இழப்பதோடு நில்லாது, காதலின் மொழியையே இழந்துவிடுகிறது.

3. ‘பனி’ என்னும் ஒரு சொல்

தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தார். ஆங்குப் பனி ஒரு பொழுது. புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனியே; விடியலில் கண்ணை மறைக்கும் புகைபோன்ற ஆவியும் பனியே; இமயத்தின் முடியில் உறைந்து கிடப்பதும் பனியே. ‘பனித்தல்’ என்னும் வினை நடுங்குதலையும், கண் பனித்தல் நீர் துளித்தலையும் குறிக்கும். தண்மையும் நடுக்கமும் ஈரமும் ஒரே வேரில் கிளைத்த இச்சொல் கவிதைக்குப் பெருஞ்செல்வம். மீட்புத்தொடரின் மொழிபெயர்ப்பாளர்க்கோ அது பெருந்தொல்லை.

பிற மொழிகளின் நிலையை ஒப்பிடலாம். கொரிய மொழியில் பொழியும் பனிக்கு ‘நுன்’, புல்நுனித் துளிக்கு ‘இசுல்’, மூடுபனிக்கு ‘ஆன்கே’, தரையில் படியும் உறைபனிக்கு ‘சொரி’, கட்டிக்கு ‘ஒரும்’ எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இந்தியில் ‘ஓஸ்’, ‘கோஹ்ரா’, ‘பாலா’, ‘பர்ஃப்’ என்பன வேறுபட்டு நிற்கின்றன. ஆயினும் ‘பர்ஃப்’ பொழிவதையும் கட்டியையும் ஒருங்கே சுட்டும். தெலுங்கின் ‘மஞ்சு’ தமிழின் ‘பனி’யைப் போன்றே துளி, மூடுபனி, இமயப்பனி மூன்றையும் தழுவியது. ஆதலின் ஐதராபாத்தில் தெலுங்கில் எழுதப்பெற்ற உரையாடல் தமிழுக்கு மாறும்போது பொருள்மயக்கம் கவனிக்கப்படாமலே கடந்துவந்துவிடும். கொரியத்திலிருந்தோ செருமானியத்திலிருந்தோ வரும்போதுதான் இடர்ப்பாடு வெளிப்படுகிறது. நெருங்கிய மொழிகளுக்கிடையிலான மொழிபெயர்ப்பு எளிதென்னும் பொதுக்கருத்து இங்கே மறுபரிசீலனைக்குரியது. எளிதாகத் தோன்றுமிடத்தில் மயக்கம் மறைந்து கிடக்கிறது.

தமிழ் தன் கூட்டுச்சொற்களால் இக்குறையை ஓரளவு நிரப்பியுள்ளது. பனிப்பொழிவு, உறைபனி, மூடுபனி, பனிக்கட்டி, பனிப்பாறை, பனியாறு, பனிப்புயல், பனிச்சறுக்கு என்பன இதழ்களில் நிலைபெற்றுவிட்டன. ஆண்டுதோறும் உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெளுப்பதை ‘உறைபனி’ எனச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. குளிர்நாடுகளில் வாழும் ஈழத்தமிழர் பேச்சில் ‘ஸ்னோ கொட்டுது’ என்பது இயல்பாக வழங்குகிறது. மழைக்குரிய ‘பெய்’ என்னும் வினையை விடுத்துக் ‘கொட்டு’ என்னும் வினையைத் தேர்ந்ததில் கண்ணால் கண்ட பட்டறிவு இருக்கிறது. எழுத்தில் அவர்கள் கையாளும் ‘வெண்பனி’ பிற பனிகளிலிருந்து இதனைத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் நற்சொல். மலைத்தொடரின் மொழிபெயர்ப்பாளர் பெயர்ச்சொற்களை அகராதியிலும், வினைச்சொற்களை இத்தகைய வாழும் பேச்சிலும் தேடுதல் நன்று.

எனினும் ஒரு சொல் தனியாகக் கவனிக்கத்தக்கது. அது ‘பனிச்சரிவு’. மலையிலிருந்து பெரும் பனித்திரள் பெயர்ந்து வீழ்வதை இச்சொல் குறிக்கிறது. ‘மண்சரிவு’, ‘நிலச்சரிவு’ ஆகியவற்றின் வழியில் அமைந்தது. கொரிய மொழியின் ‘நுன்சாதே’ என்பதும் பனி, சரிவு என்னும் இரு கூறுகளால் ஆனதே. ஆனால் தமிழில் ‘சரிவு’ என்பது சாய்வான இடத்தையும் குறிக்கும். எனவே பனி மூடிய சாய்நிலமும் பனிச்சரிவே. உயிர்கொல்லும் பெயர்ச்சியும் பனிச்சரிவே. காதலர் சறுக்கி விளையாடும் இடத்திற்கும், மறுநாள் அவர்களைப் புதைக்கவரும் பேரிடருக்கும் ஒரே பெயர் அமைகிறது. ‘நாளைப் பனிச்சரிவில் சந்திப்போம்’ என ஒரு தமிழ்க்குரல் கூறுமாயின், கேட்போர் சிரிப்பதா அஞ்சுவதா என்பதை அறியார்.

இதற்குத் தீர்வு புதுச்சொல் படைத்தலன்று. சாய்நிலத்திற்குப் ‘பனிச்சாய்வு’ அல்லது ‘பனிமேடு’ எனக் கூறி, ‘சரிவு’ என்பதைப் பேரிடர்க்கு மட்டும் ஒதுக்கலாம். உரையாடலிலோ பெயரை விடுத்து வினையைக் கையாளுதலே சிறந்தது. மலைவாழ் மக்கள் ‘மண் சரிஞ்சிருச்சு’ என்பரே அன்றி ‘மண்சரிவு ஏற்பட்டுள்ளது’ எனக் கூறுவதில்லை. ‘பனி சரியுது, ஓடு’ என்பதில் பெயர்ச்சொல்லின் மயக்கம் இல்லை. நடிகரின் உதட்டசைவுக்கும் அது பொருந்தும். பனியில் புதையுண்டோரைச் சுமார் 15 மணித்துளிக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர் என்றும், அரைமணி கடந்தால் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறையும் என்றும் ஆல்ப்சு மலை ஆய்வுகள் காட்டியுள்ளன. காலமே உயிராகும் களத்தில் நீண்ட கூட்டுச்சொல் பேசும் மீட்பன் நம்பத்தக்கவனாகத் தோன்றான்.

4. ‘மீட்பு’ என்னும் மறு சொல்

‘மீட்பு’ என்னும் சொல்லின் வரலாறும் கருதத்தக்கது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டல் கரந்தை. அடகுவைத்த நகையை மீட்பதும், யாழை மீட்டுவதும் இச்சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் உறவாடுவன. கிறித்தவத் தமிழில் ‘மீட்பர்’ என்பது இறைமகனைக் குறிக்கும் சமயச்சொல்லாக நிலைத்துவிட்டது. ஆகவே மலைமீட்புப் பணியாளனைத் தனித்து ‘மீட்பர்’ என்பது வேண்டாத உயர்வை ஏற்றுகிறது. நகைத்தொடரில் அது கேலியாகவும் தொனிக்கக்கூடும். ‘மீட்புக் குழுவினர்’, ‘மீட்புப் படையினர்’ என்பனவே பொருந்துவன.

அமைப்பின் பெயரிலும் இச்சொல் விரிவடைந்துள்ளது. 2006இல் அமைக்கப்பெற்ற தேசியப் பேரிடர்ப் படையின் ஆங்கிலப் பெயரில் பேரிடரை எதிர்கொண்டு செயலாற்றுதலைக் குறிக்கும் சொல்லே உள்ளது. தமிழ் இதழ்கள் அதனைத் ‘தேசியப் பேரிடர் மீட்புப் படை’ என்றே எழுதுகின்றன. அரக்கோணத்தில் அப்படையின் அணி ஒன்று நிலைகொண்டுள்ளதால் அப்பெயர் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டுள்ளது. செயலைக் கூறும் பெயரைப் பயனைக் கூறும் பெயராகத் தமிழ் மாற்றிக்கொண்டது. மக்கள் எதிர்பார்ப்பது மீட்பையே என்பதால் அம்மாற்றம் வேரூன்றியது.

ஆயின் இச்சொல்லின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. உயிரோடு காப்பாற்றப்படுவதையும், இறந்தோரின் உடல் கண்டெடுக்கப்படுவதையும் தமிழ்ச் செய்திநடை ‘மீட்கப்பட்டார்’, ‘மீட்கப்பட்டது’ என ஒரே வினையால் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனி வினைகள் உண்டு. 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின்மீது பனி சரிந்தது. சென்னைப் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாள்களாகத் தேடிய குழுவினர் கருநாடகத்தைச் சேர்ந்த அனுமந்தப்பாவை உயிருடன் கண்டனர். பிப்ரவரி 11இல் அவரும் இறந்தார். அந்நாள்களில் செய்திக்குக் காத்திருந்த ஓர் இல்லத்தில் ‘மீட்கப்பட்டார்’ என்னும் சொல் ஒலித்திருக்குமாயின், அதன் முன் ‘உயிருடன்’ என்பது வருகிறதா ‘உடல்’ என்பது வருகிறதா என்பதிலேயே அவ்வில்லத்தாரின் வாழ்வு முழுதும் அடங்கியிருக்கும்.

இதனைக் கற்பனைத் தொடரின் மொழிபெயர்ப்போடு இணைத்துப் பேசுவது மிகையெனத் தோன்றலாம். அவ்வாறன்று. பொதுமக்கள் பேரிடர்ச் சொற்களைப் பயில்வது பாடநூலாலன்று, திரையாலும் தொலைக்காட்சியாலுமே. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க்குரலில் வழங்கியபோது, அயல்வாழ்வின் சொற்கள் நடுத்தர இல்லங்களில் எளிதாகப் புகுந்தன. தொடரில் நகைக்கிடையே பழகிய சொல் பேரிடரின்போது நினைவில் எழும். ஆதலின் மீட்புத்தொடரின் மொழிபெயர்ப்பாளர் உயிர்காத்தலுக்குக் ‘காப்பாற்று’ என்பதையும், உடலைக் கொணர்தலுக்கு ‘கண்டெடு’ என்பதையும் வேறுபடுத்திக் கையாளுதல் வேண்டும். ‘மீட்பு’ என்பதைப் பணியின் பெயராக மட்டும் வைத்துக்கொள்ளலாம். இவ்வேறுபாடு செய்திநடைக்கும் வழிகாட்டக்கூடும்.

5. விளியும் நகையும்

இவ்வகைத் தொடர்களின் நகை பெரும்பாலும் விளிப்பிலும் மரியாதை நிலைகளிலும் பிறப்பது. ‘சூரியனின் வழித்தோன்றல்கள்’ வெளிவந்த காலத்தில் அதன் மாந்தர் பேசிய படைத்துறை வினைமுடிபு ஒன்று கொரிய இளைஞரிடையே விளையாட்டுப் பேச்சாகப் பரவியது. பாசறையில் மேலோரிடம் பேசும் விறைப்பான மரியாதைமொழியைக் காதற்பேச்சில் புகுத்தியதே அந்நகையின் ஊற்று. இரண்டாம் இணையரின் நிலை மேலும் நுட்பமானது. அங்குத் தலைவி படையில் உயர்பதவியினள். தலைவன் அவளுக்குக் கீழ்ப்பட்டவன். காதலியை மேலதிகாரியாக விளிக்கவேண்டிய கட்டாயமே அவர்களது துயரும் நகையும் ஆகிறது.

ஆங்கில வசனத்தின் வழியாகத் தமிழாக்கம் நிகழுமாயின் இந்நுட்பம் முதற்படியிலேயே மறைந்துவிடும். ஆங்கிலத்தில் முன்னிலை ஒன்றே. தமிழிலோ ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு கொரியத்தின் மரியாதைநிலைகளுக்கு இணையான கருவியாக வாய்த்திருக்கிறது. ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு மாறும் நொடி தமிழ்க் காதற்கதையில் ஒரு நிகழ்ச்சிக்கு நிகர். மூலமொழி அறிந்தோரின் துணையின்றி மொழிபெயர்ப்போர் முதற்காட்சியிலேயே ‘நீ’ எனத் தொடங்கிவிட்டால், பன்னிரண்டாம் பகுதியில் நிகழவேண்டிய மாற்றத்திற்கு இடமில்லாமற்போகும். கையில் உள்ள செல்வத்தை அறியாது செலவழித்தலுக்கு இது ஒப்பாகும்.

படைத்துறை மரியாதைமொழிக்குத் தமிழில் நேரிணை இல்லை. ஆயினும் காவல்துறையிலும் படையிலும் வழங்கும் ‘சரிங்க சார்’, ‘உத்தரவு மேடம்’ போன்ற தொடர்கள் உள்ளன. காதலியின் கோபத்திற்குக் காதலன் ‘உத்தரவு மேடம்’ என விறைத்து நிற்பது தமிழ்க்காதுக்கு உடனே நகை விளைக்கும். தெலுங்கில் பெயரோடு சேரும் ‘காரு’ பேச்சில் மென்மையும் மரியாதையும் கலந்தது. தமிழின் ‘அவர்கள்’ மேடைக்குரியது. ஆகவே தெலுங்கிலிருந்து வரும்போது பெயரோடு ஒட்டும் மரியாதையை விடுத்து வினைமுற்றின் பன்மையால் அதனை ஈடுசெய்தல் வேண்டும். மரியாதை மொழிக்கு மொழி இடம் மாறி அமர்கிறது, அது இழப்பன்று.

மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், எள்ளலையும் இளமையையும் அதன் நிலைக்களன்களுள் சேர்த்தார். அச்சத்திற்கு அவர் கூறும் நான்கு களன்களுள் விலங்கு உண்டு, வானிலை இல்லை. யானைக்கு அஞ்சும் மரபில் வந்த வாசகர்க்குப் பனியின் அச்சத்தை மொழியால்தான் உருவாக்கித்தர வேண்டியுள்ளது. யானை வருகிறது எனில் விளக்கம் வேண்டா. பனி விரிசல் விடுகிறது எனில் அஃது ஏன் அஞ்சத்தக்கது என்பதை உரையாடலின் ஒரு சொல்லாவது உணர்த்தியாக வேண்டும்.

6. தமிழ்த்திரையின் பனிமலை

தமிழ்த்திரை பனிமலையை விருந்தினரின் மலையாகவே பெரிதும் கண்டது. 1966 பொங்கலன்று வெளிவந்த ‘அன்பே வா’ அதன் சிறந்த எடுத்துக்காட்டு. ஏவி.எம். நிறுவனத் தயாரிப்பில் ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய அப்படத்தில், ஓய்வுக்காகச் சிம்லா செல்லும் செல்வன் தன் மாளிகையே வாடகைக்கு விடப்பட்டிருப்பதைக் கண்டு, தன்னை மறைத்துக்கொண்டு அங்கேயே தங்குகிறான். எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி ஆகியோரின் ஊடலும் நாகேஷின் நகையும் அதனைத் தமிழின் தலைசிறந்த இலகுக் காதற்படங்களுள் ஒன்றாக்கின. ஆயினும் அங்கே மலையில் உழைப்பவன் மாளிகைக் காவலன் மட்டுமே. அவனும் நகைக்கு உரியவன். பனி அச்சம் தருவதில்லை. அழகு மட்டுமே தருகிறது.

2022இல் தெலுங்கில் உருவாகித் தமிழிலும் வெளிவந்த ‘சீதா ராமம்’ காசுமீரப் பனியில் பணியாற்றும் வீரன் ஒருவனுக்கு வரும் கடிதங்களிலிருந்து காதலை வளர்க்கிறது. ஹனு ராகவபுடி இயக்கிய அப்படத்தில் பனிமலை பணியிடமாகிறது. அரைநூற்றாண்டு இடைவெளியில் மலை விருந்தினரிடமிருந்து பணியாளரிடம் கைமாறியுள்ளது. எனினும் அதன் முடிவு துயரில் அமைந்ததால், பனியில் உழைப்போரின் நகை நிறைந்த வாழ்வு தமிழில் இன்னும் எழுதப்படாத பக்கமாகவே எஞ்சுகிறது.

7. வகைமையின் குறைகள்

இவ்வகைத் தொடர்கள் குறையற்றனவல்ல. காதலர் தனித்திருக்க வேண்டும்போது புயல் எழுகிறது. அவர்கள் ஒன்றுபட்டபின் வானம் தெளிகிறது. வானிலை கதையாசிரியரின் ஏவலாளாகிவிடுகிறது. மீட்கப்படுவோர் பெயரற்றவராய் வந்து, காதலர்க்கு ஒரு நல்ல காட்சியைத் தந்து மறைகின்றனர். விதியை மீறி ஓடும் தலைவனின் துணிவு போற்றப்படுகிறது. உண்மையான மீட்புப்பணியிலோ விதியை மீறுபவன் மீட்கப்படவேண்டிய மற்றொருவனாகிவிடுவான். ‘ஜிரிசான்’ தொடரின் கணினிக் காட்சிகளும் இடைநுழைந்த விளம்பரப் பொருள்களும் அந்நாட்டிலேயே குறைகூறப்பட்டன.

ஆயினும் அபாயத்திற்கிடையே சிரிப்பது பொய்யென ஒதுக்குதல் பொருந்தாது. 2021 பிப்ரவரி 7ஆம் நாள் தபோவனில் அடைபட்ட சிறிய சுரங்கமொன்றிலிருந்து இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினர் 12 தொழிலாளரை உயிருடன் வெளிக்கொணர்ந்தனர். சேற்றில் தோய்ந்த ஒருவர் மேலேறியதும் இரு கைகளையும் உயர்த்திக் களிப்பால் துள்ளிய காட்சியை நாடே கண்டது. சுற்றிநின்ற வீரரும் ஆரவாரித்தனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமற்போயும் இருந்த பேரழிவின் நடுவே எழுந்த களிப்பு அது. அதனைப் பொறுப்பின்மை என எவரும் கூறவில்லை. இடர் எத்தகையது என்பதை யாவரும் அறிந்திருந்ததே அதற்குக் காரணம். நல்ல மீட்புத்தொடர் நாடும் நகையும் இத்தகையதே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. மலைமீட்புக் காதல் தொடர்களில் பணியின் பொதுமையும் காதலின் தனிமையும் முரண்படுவதால், நகை கதையமைப்பின் தேவையாகிறது. காத்தலால் வரும் காதலை அகமரபு அறிந்திருப்பினும், அதனை அப்படியே இத்தொடர்களின்மீது ஏற்றுதல் பொருந்தாது. ‘பனிச்சரிவு’, ‘மீட்பு’ ஆகிய சொற்களின் பொருள்மயக்கத்தை உரையாடலில் வினைச்சொற்களால் நீக்கலாம். முன்னிலைச் சொற்களின் வேறுபாட்டைத் தொடர்முழுதும் திட்டமிட்டுக் கையாளுதல் இன்றியமையாதது.

பாலாநகரின் திரைகளில் செயற்கைக்கோள் அனுப்பும் பனியும், அவ்வூர் இல்லங்களின் தொலைக்காட்சியில் காதலர் ஆடும் பனியும் ஒரே இமயத்தையும் ஒத்த மலைகளையும் சார்ந்தவை. முன்னதைத் துல்லியமாகக் கூறும் தமிழ் வளர்ந்தால்தான் பின்னதில் மனமாரச் சிரிக்க இயலும். மீட்புத்தொடரின் மொழிபெயர்ப்பாளர் முதலில் அச்சத்தை மொழிபெயர்த்தல் வேண்டும். நகை அதன் பின்னே தானே வந்தமையும்.